செக்கடி வீட்டு வம்சாவளியை நாங்கள் தேடும் விதம்

நம் குடும்பங்களில் பெரும்பாலும் பெயரை வைத்துத் தேட முடியாது. தலைமுறைக்குத் தலைமுறை இனிஷியல் மாறிவிடும். மாறாதது வீட்டுப் பெயரும் குலதெய்வமும்தான். மன்னார்குடிப் பக்கம் எங்களைச் ‘செக்கடி வீடு’ என்பார்கள். இன்று பெரம்பூர், அம்பத்தூர், தாம்பரம் என்று சிதறியிருக்கும் ஏழு பங்காளி வீட்டார் சேர்ந்து, அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஆறு தலைமுறை வரை போயிருக்கிறோம்.

முதலில் வயதானவர்களிடம் போங்கள், இந்த வாரமே. அதிலும் வெளியூரில் கட்டிக் கொடுத்த அத்தைகளை விடாதீர்கள். ‘உங்க தாத்தா பேர் என்ன?’ என்று கேட்டால் ஒரு சொல்லில் முடிந்துவிடும். ‘உங்க கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்க அத்தை?’ என்று கேளுங்கள், சாயங்காலம் வரை பேசுவார்கள்.

அப்புறம் பரண். பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு மொய் நோட்டு கிடைத்தது. ஓரமெல்லாம் செல்லரித்திருந்தாலும் ஊதா மை அழியவில்லை. முதலில் ஊர், அடுத்து பெயர், கடைசியில் ரூபாய். நாங்கள் கேள்வியே படாத ஓர் ஊரிலிருந்து நான்கு பேர் மொய் எழுதியிருந்தார்கள். தேடிப் போனால், அவர்களும் செக்கடி வீடுதான்! பித்தளை அண்டாவையும் எடுத்துப் பாருங்கள். சீராக வந்த பாத்திரத்தில் பெண்ணின் பெயர் வெட்டியிருக்கும். பத்திரங்களில் வராத பாட்டிகள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள்.

பத்திரங்களில் பாகப்பிரிவினைதான் பொக்கிஷம். ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று அண்ணன் தம்பி எல்லோரும் வரிசையாக வருவார்கள். வீட்டில் இல்லையென்றால், சொத்து இருக்கும் ஊரின் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். பழைய நிலப் பதிவேடுகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். அனுமதி வாங்கிக்கொண்டு, ஊர்ப் பெயரோடு போங்கள்.

ஒரு எச்சரிக்கை. தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைப்போம். ஜாதகத்தில் ‘விஜய வருஷம்’ என்று பார்த்ததும் நான் 1953 என்று எழுதிவிட்டேன். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்புமே! அது 1893, பேரனின் ஜாதகம் அல்ல, தாத்தாவுடையது. ஒரு கிளையே இடம் மாறிப்போய், சரிசெய்ய இரண்டு மாதமாயிற்று. அதனால் பெயருக்குப் பக்கத்தில் மனைவி பெயரையும் அவர் பிறந்த ஊரையும் எழுதுங்கள்.

கூட்டு வேலைக்கு எங்கள் ஏற்பாடு எளிது. கிளைக்கு ஒருவர் பொறுப்பு. எல்லோருக்கும் பொதுவாக ஒரு கூகுள் ஷீட். ஒவ்வொரு வரியிலும் ‘யார் சொன்னது, எதில் பார்த்தது’ கட்டாயம். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டும் இருக்கட்டும், அடுத்த ஆதாரம் வரும்வரை எதையும் அழிப்பதில்லை. உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி குடும்பத்துக்கு வெளியே போகாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பெரிய தாளில் அச்செடுத்து ஒரு வீட்டுக் கூடத்தில் விரிப்போம். போன முறை பெரம்பூர் அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நான்காம் வரிசையில் விரலை வைத்து, “இங்க ஒரு பொண்ணு விட்டுப்போச்சு” என்றார்.