‘எல்லாம் டி டிரைவ்லதான் இருக்கு’: விண்டோஸ் 10-இலிருந்து மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. தீபாவளிக்கு முந்தைய அந்த வாரத்தில் தொடங்கி, கண்டனூர், பள்ளத்தூர், தேவகோட்டை என்று சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம், தூசு படிந்த சிபியுக்கள் பெட்ஷீட்டில் சுற்றப்பட்டுக் காரைக்குடியில் உள்ள எங்கள் கடைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் ஆதரவு முடிந்தபோது நான் செய்த தவறுகளையே, கடையில் வேலை பழகும் பிள்ளைகள் இப்போது வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பாஸ்வேர்டை எழுதி வையுங்கள், பாதியில் ஒயரைப் பிடுங்காதீர்கள் என்பவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆதரவு முடிந்தால் ஒன்றும் ஆகாது என்று இருப்பது

மறுநாள் காலையில் கணினி வழக்கம்போல்தான் இயங்கும். நின்றுபோவது, புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க மாதந்தோறும் வந்துகொண்டிருந்த திருத்தங்கள். 2017 மே 12 அன்று உலகெங்கும் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீங்கு மென்பொருள் பயன்படுத்திய ஓட்டைக்கு, ஆதரவில் இருந்த விண்டோஸ்களுக்கெல்லாம் அந்த மார்ச் மாதமே திருத்தம் வந்திருந்தது. திருத்தத்தை ஏற்றாதவர்களும், ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பியை வைத்திருந்தவர்களும் திறந்த வாசலோடு இருந்தார்கள்.

இன்னொரு விளைவு மெதுவாக வரும். விண்டோஸ் 7-க்குக் கிடைத்த கடைசி குரோம் 109-ஆம் பதிப்பு. அது வந்தது 2023 ஜனவரியில். அதன் பிறகு ஒவ்வோர் இணையதளமாக முரண்டு பிடிக்கத் தொடங்கியது. ‘நெட் சரியில்லை’ என்று சொல்லி என்னிடம் கொண்டுவரப்பட்ட கணினிகளில் பலவற்றில் நெட் நன்றாகவே இருந்தது, உலவிதான் பழையது.

பதறிப்போய்ப் புதுக் கணினி வாங்குவது

பழைய கணினியைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கச் சொல்வது கடைக்காரனுக்கு இலாபம்தான். ஆனால் எல்லோருக்கும் அது தேவையில்லை. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துத் தரும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கணினியில் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் கட்டணமில்லை, ஒத்திசைக்க வேண்டாமென்றால் 30 டாலர். இது மூச்சு விட்டுக்கொள்வதற்கான அவகாசம் மட்டுமே.

அதேபோல், ‘டிபிஎம் 2.0 இல்லை’ (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதி இல்லை) என்று, விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்க்கும் சோதனைச் செயலி சொல்லும் ஒரு வரியை நம்பி நல்ல கணினியைக் கழிக்கக் கூடாது. தேவகோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 கணினியை அந்த வரிக்காகவே பழைய விலைக்குத் தள்ள இருந்தார். கணினி துவங்கும்போதே இயங்கும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் பிடிடி என்ற பெயரில் அது அணைத்துவைக்கப்பட்டிருந்தது. ஏஎம்டி கணினிகளில் அதன் பெயர் எஃப்டிபிஎம். போட்டுவிட்டால் வேலை முடிந்தது. உண்மையான தடை பிராசஸர்தான். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்கிறது.

டி டிரைவைப் பெட்டகம் என்று நம்புவது

என்னை இன்றளவும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். எங்கள் பக்கத்தில் கணினி வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும், ‘முக்கியமானது எல்லாம் டி டிரைவ்லதான் இருக்கு’ என்பார்கள். இந்த நம்பிக்கையை விதைத்தவர்கள் எங்களைப் போன்ற கடைக்காரர்களே. வைரஸ் வந்தால் சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்து விண்டோஸைத் திரும்ப ஏற்றிக் கொடுப்போம். டி அப்படியே இருக்கும். ஆண்டுக்கணக்கில் இப்படியே நடந்ததால், டி என்பது கணினிக்குள் இருக்கும் வேறொரு பெட்டி என்றே மக்கள் எண்ணிக்கொண்டார்கள். சியும் டியும் பெரும்பாலான கணினிகளில் ஒரே ஹார்டு டிஸ்க் வட்டைக் கோடு போட்டுப் பிரித்த இரண்டு பகுதிகள். செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கட்டில், ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) தனி அறையும் தனிப் பூட்டும் இருந்தாலும், மேலே இருக்கும் கூரை ஒன்றுதானே.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2014-இல், பள்ளத்தூரில் ஒரு பெரியவர் வீட்டில், எக்ஸ்பியை எடுத்துவிட்டு விண்டோஸ் 7 ஏற்றப் போனேன். சி டிரைவ் 20 ஜிபிதான் இருந்தது. விண்டோஸ் 7-க்கு அது போதாது என்பதால், பகுதிகளை மாற்றியமைக்கலாம் என்று நினைத்தேன். நிறுவும்போது வரும் பட்டியலில் சி, டி என்ற எழுத்துகள் இருக்காது. ‘டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1’, ‘பார்ட்டிஷன் 2’ என்றுதான் வரும். எது எது என்று அளவைப் பார்த்து உறுதி செய்யாமல், பேசிக்கொண்டே ஒன்றை அழித்தேன். அழிந்தது கோயில் திருப்பணிக் கணக்கு இருந்த பகுதி. நான்கு ஆண்டுக் கணக்கு. நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த பெரியவர், ‘சரி தம்பி, பேரேட்டுல இருக்கு. திரும்ப அடிச்சுக்கலாம்’ என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு மறந்துபோயிருக்கும்.

இப்போதைய மாற்றத்தில் இந்த ஆபத்து முன்னைவிடப் பெரியது. காரணம் தெரிந்துகொள்வது நல்லது. வட்டில் எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஓர் அட்டவணை குறித்துவைத்திருக்கும். அந்த அட்டவணையின் பழைய முறை எம்பிஆர், புதிய முறை ஜிபிடி. விண்டோஸ் 11 எதிர்பார்க்கும், பயாஸின் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ முறையில் துவங்க வேண்டுமானால் வட்டு ஜிபிடியாக இருக்க வேண்டும். ஆனால், நாங்கள் அசெம்பிள் செய்து கொடுத்த கணினிகள் பலவற்றில், புதிய போர்டாக இருந்தும், பழக்கதோஷத்தால் பழைய முறையில் எம்பிஆர் வட்டிலேயே விண்டோஸ் 10-ஐ ஏற்றியிருக்கிறோம். எக்ஸ்பியிலிருந்து 7-க்கும், 7-இலிருந்து 10-க்கும் மாறியபோது இந்த அட்டவணையைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை. இம்முறை அட்டவணையே மாற வேண்டியிருக்கிறது.

சென்ற நவம்பரில் கடையில் நடந்தது இது. கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சியின் கணினி வந்திருந்தது. அவருடைய மாமனார் ரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்களைப் பேரனை வைத்து ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஸ்கேன் செய்து சேர்த்திருந்தார். வயது நிறைவுக்குச் செய்யும் சாந்திச் சடங்கில் எடுத்த படங்களும் அதில்தான். வேலை பழகும் பையன் பென் டிரைவைச் செருகி விண்டோஸ் 11-ஐ ஏற்றத் தொடங்கியதும், ‘இந்த வட்டில் எம்பிஆர் அட்டவணை உள்ளது, ஜிபிடி வட்டில் மட்டுமே நிறுவ முடியும்’ என்ற பொருளில் ஓர் ஆங்கில அறிவிப்பு வந்து நின்றது. பையன் கைபேசியில் தேடியிருக்கிறான். முதலில் வந்த காணொளி சொன்னபடி, ஷிஃப்ட்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்திக் கறுப்புத் திரையை வரவழைத்து, டிஸ்க்பார்ட் என்று தட்டி, வட்டு 0-ஐத் தேர்ந்து, ‘கிளீன்’ என்று அடித்து என்டரைத் தட்டிவிட்டான். அந்தக் கட்டளை ‘நிச்சயமாகவா?’ என்று ஒரு முறைகூடக் கேட்காது. ஒரு நொடியில் வேலையை முடித்துவிட்டு, வெற்றி என்றும் அறிவிக்கும்.

‘அண்ணே, இப்ப ஏத்துது’ என்றான். நான் வேறு வேலையில் இருந்தேன். அரைமணி நேரம் கழித்து, ‘டி டிரைவ்ல இருந்ததெல்லாம் இருக்காடா?’ என்று கேட்டதற்கு, ‘டியைத் தொடவே இல்லண்ணே’ என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை; அப்படித்தான் நம்பினான். திரையில் சி மட்டும் 930 ஜிபி அளவில், ஒற்றை டிரைவாக நின்றது.

உடனே கணினியை அணைத்து, வட்டைக் கழற்றி, வேறொரு கணினியில் இணைத்து, டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளால் பழைய பகுதிகளைத் தேடினேன். புது விண்டோஸ் பெரும்பாலும் வட்டின் முன்பகுதியில், பழைய சி இருந்த இடத்தின் மேல் எழுதப்பட்டிருந்ததால், பின்னால் இருந்த டி இரண்டு இரவு வேலைக்குப் பிறகு பெருமளவு மீண்டது. டெஸ்க்டாப்பில் ஆச்சி வைத்திருந்த மொய்க் கணக்கு மீளவில்லை. டெஸ்க்டாப் என்பது சி டிரைவில் இருப்பது. அது பழைய ஹார்டு டிஸ்க் என்பதால் இவ்வளவாவது கிடைத்தது. எஸ்எஸ்டியாக இருந்திருந்தால், ஃபார்மட் செய்யும்போதே காலியான இடங்களை விண்டோஸ் துடைக்கச் சொல்லிவிடும் என்பதால், கடிதங்களைத் தேடவே வழியிருந்திருக்காது.

சரியான வழி நீளமானது, ஆனால் கடினமானதன்று. முதலில் டியையும், சியில் உள்ள டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் கோப்புறைகளையும் வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து, அதைக் கழற்றி, வேறொரு கணினியில் செருகி, பத்துக் கோப்புகளையாவது திறந்து பார்க்க வேண்டும். பிறகு, விண்டோஸ் 10-இல் இருக்கும்போதே, அதனோடு வரும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் வட்டின் மீது வலச்சொடுக்கு செய்து, பிராப்பர்ட்டீஸில் எம்பிஆரா ஜிபிடியா என்று பார்க்க வேண்டும். எம்பிஆர் என்றால், விண்டோஸ் 10-உடனே வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை முதலில் சரிபார்க்கும் நிலையில் மட்டும் ஓட்ட வேண்டும். அது ஒப்புக்கொண்டால், கோப்புகளை அழிக்காமலே அட்டவணையை மாற்றித் தரும். மாற்றியதும் பயாஸில் துவக்க முறையை யுஇஎஃப்ஐக்கு மாற்ற மறக்கக் கூடாது. மறந்தால் கணினி துவங்காது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மூன்று முதன்மைப் பகுதிகளுக்கு மேல் இருந்தாலோ, ஒரு பெரிய பகுதிக்குள் உட்பகுதியாகப் பிரித்த லாஜிக்கல் பகுதி ஏதும் இருந்தாலோ இந்தக் கருவி மறுத்துவிடும். அந்தக் காலத்தில் பிரித்த டி டிரைவ்களில் பலவும் லாஜிக்கல் பகுதிகளே. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பச்சைக் கட்டத்துக்குள் தெரிவது அதுதான். கருவி மறுத்த அந்த நொடியில்தான் பிள்ளைகள் ‘கிளீன்’ பக்கம் போகிறார்கள். நகல் வெளியே பத்திரமாக இருக்கிறது என்று உறுதியான பிறகு, அந்த டியையும் அதைச் சூழ்ந்த பச்சைக் கட்டத்தையும் மட்டும் அறிந்தே அழித்துவிட்டுக் கருவியை மறுபடி ஓட்டுவதுதான் முறை. கணினியில் இரண்டாவது வட்டு இருந்தால், வேலை முடியும்வரை அதன் கேபிளைக் கழற்றி வைக்கிறேன். இணைக்கப்படாத வட்டை எந்தக் கட்டளையாலும் அழிக்க முடியாது.

கடைக்காரரின் கணக்கில் நுழைந்து முடிப்பது

வாடிக்கையாளருக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லை என்பதற்காக, பையன்கள் தங்கள் சொந்தக் கணக்கைப் போட்டு நிறுவலை முடித்துவிடுகிறார்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றிக் கணக்கில் நுழைந்தால், தகுதியுள்ள கணினிகளில் வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்படும். அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்காரும். பின்னொரு நாள் பயாஸில் ஏதேனும் மாறிக் கணினி அந்தச் சாவியைக் கேட்கும்போது, பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பான்.

பொருந்தாத கணினியில் வலிந்து ஏற்றுவது

விண்டோஸ் 11-இன் தகுதிச் சோதனையைத் தாண்டவைக்கும் ரூஃபஸ் போன்ற கருவிகளால் முடியும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. கோர் 2 டுவோ காலத்துக் கணினிகளில் 24எச்2 துவங்கவே துவங்காது. வெறும் இணையம் பார்ப்பதற்கு என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிக் கொடுக்கிறேன். இதுவரை யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

எடைமேடைக் கணினியையும் மாற்றப் போவது

புதுவயல் அரிசி ஆலை ஒன்றில், எடைமேடையோடு பேசும் மென்பொருள் விண்டோஸ் 7-இல் மட்டுமே ஓடுகிறது. அதை மாற்றவில்லை, நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டேன்.

பழைய எழுத்துருக்களை விட்டுவிட்டு வருவது

யூனிக்கோடுக்கு முன் பாமினியிலோ வானவில்லிலோ அடித்த அழைப்பிதழ்களும் கணக்குகளும், அந்த எழுத்துருக் கோப்பு இல்லாத புதுக் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஃபார்மட் செய்யுமுன் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் நகலெடுங்கள்.

கணக்கு மென்பொருளான டேலியின் லைசன்ஸைச் சரண்டர் செய்யாமல் ஃபார்மட் செய்வது

செய்யாதீர்கள்.

விண்டோஸை உரிமம் இல்லாமல் ஓடவைக்கும் இலவச ஆக்டிவேட்டர்

வைரஸ் ஸ்கேனரை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் எதையும் ஓட்டாதீர்கள்.

மின்தடை நாளில் தொடங்குவது

பராமரிப்புப் பணிக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் நிற்கும் என்று செய்தித்தாளில் வந்திருக்கும் நாளில், எட்டரை மணிக்கு நிறுவலைத் தொடங்கிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.