பிளெண்டரில் லால்பாக் பாறையும் ஏரித் தண்ணீரும்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் முப்பரிமாணப் படங்கள் செய்யும் பிளெண்டர் மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கிறேன். தண்ணீர் செய்யச் சொன்னால் எல்லோரும் முதலில் நீல நிறத்தைத்தான் தேடுகிறார்கள். அதனால் இந்த முறை வகுப்பை லால்பாக் ஏரிக்கரையில் தொடங்கினேன்.

காலடியில் குனிந்து பாருங்கள்: தண்ணீரின் உள்ளே பச்சை தெரிகிறது. எதிர்க்கரையைப் பாருங்கள்: தண்ணீரே தெரியாது, மரமும் வானமும்தான். நேர்கீழே பார்க்கும்போது மேற்பரப்பு ஏறத்தாழ 2 விழுக்காடு ஒளியைத்தான் பிரதிபலிக்கிறது. பார்வை சாயச் சாய அது கூடி, கிட்டத்தட்ட முழுமையை எட்டுகிறது. இதுதான் ஃபிரெனெல் விளைவு. தண்ணீரைத் தண்ணீராகக் காட்டுவது இதுவே, நிறம் அல்ல.

முதல் படி: திறந்தவுடன் இருக்கும் கியூபை அகலமாக நீட்டித் தட்டையாக்குங்கள். கன்ட்ரோல்-ஏ அழுத்தி ஸ்கேலை (நீட்டிய அளவை) அப்ளை செய்யுங்கள். ஒரு மாணவி இதை விட்டுவிட்டதால் அவளுடைய அலைகள் ஒரே பக்கம் இழுபட்டுக் கோடுகளாகிவிட்டன.

இரண்டாவது, மெட்டீரியல். பேஸ் கலர் வெள்ளை, டிரான்ஸ்மிஷன் (ஒளி ஊடுருவல்) 1, ரஃப்னெஸ் (சொரசொரப்பு) 0, ஐஓஆர் (ஒளிவிலகல் எண்) 1.333. ஃபிரெனெல் கணக்கை பிளெண்டரே பார்த்துக்கொள்ளும். பச்சையை மேற்பரப்பில் பூசாதீர்கள்; உள்ளே செல்லும் ஒளியை உறிஞ்சும் வால்யூம் அப்சார்ப்ஷனில் வெளிர்பச்சை கொடுங்கள். ஆழம் கூடக் கூட நிறம் தானாக அடர்த்தியாகும்.

மூன்றாவது, சிற்றலை. டெக்ஸ்சர் கோஆர்டினேட் நோடின் ஆப்ஜெக்டிலிருந்து நாய்ஸ் (ஒழுங்கற்ற வடிவம் தரும் டெக்ஸ்சர்), அதிலிருந்து மேடுபள்ளம் காட்டும் பம்ப், அதை மெட்டீரியலின் நார்மலில் இணையுங்கள். வலிமை 0.1 போதும், ஏரி கடல் அல்ல. அலை அசைய வேண்டுமென்றால் நாய்ஸை 4டி ஆக்கி, டபிள்யூ மதிப்பு நேரத்தோடு மாறும்படி கீஃப்ரேம் வையுங்கள்.

இனி பாறை. லால்பாக் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையான நைஸ் (gneiss) என்னும் உருமாறிய பாறை வகை; வெளிர், கருமைப் பட்டைகள் நெளிந்தோடும். வேவ் டெக்ஸ்சரில் டிஸ்டார்ஷனைக் கூட்டினால் அந்த நெளிவு வந்துவிடும். பாறையின் அடிப்பகுதி தண்ணீருக்குள் இறங்கியிருக்கட்டும்.

பலரும் கோட்டைவிடும் இடம் இனிமேல்தான் வருகிறது: பாறையும் தண்ணீரும் தொடும் கரை. நனைந்த கல் கறுத்துத் தெரியும், பளபளக்கும். கல்லின் நுண்துளைகளில் நீர் புகுந்ததும் ஒளி உள்ளேயே சிதறி உறிஞ்சப்படுகிறது. வெளியே வருவது குறைகிறது. ஜியோமெட்ரி நோடின் பொசிஷனிலிருந்து இசட் மதிப்பை, அதாவது உயரத்தை, பிரித்தெடுங்கள். நீர்மட்டத்துக்கு மேல் 15 சென்டிமீட்டர் வரை நிறத்தைப் பாதியாகக் கறுக்கச் செய்து, ரஃப்னெஸை 0.8-லிருந்து 0.2-க்கு இறக்குங்கள். இசட்டுடன் கொஞ்சம் நாய்ஸைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் ஈரம் அளவுகோலால் கோடு போட்டதுபோல் நிற்கும்; கல்லில் ஈரம் அப்படி ஏறுவதில்லை.

சுற்றுப்புறமான வேர்ல்டில் ஸ்கை டெக்ஸ்சர் (வானம்), படமாக்கும் ரெண்டருக்கு சைக்கிள்ஸ் எஞ்சின். கேமராவை நீர்மட்டத்துக்கு அருகில் வைத்து ஒரு படம் எடுங்கள். பிறகு மேலே தூக்கி நேராகக் கீழே பார்க்கவிட்டு இன்னொன்று. முதல் படத்தில் வானமும், இரண்டாவதில் மூழ்கிய பாறையின் பட்டைகளும் தெரிந்தால், தண்ணீர் சரியாக வந்திருக்கிறது.