மிஞ்சும் காற்று மின்சாரத்தை வாயுவாக்கிக் காட்டுவது: பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு மாதிரி

ஆனி, ஆடி மாதங்களில் குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். காற்று ஆளையே தள்ளுகிறது. அப்படியும் சில காற்றாலைகள் இறகுகளைத் திருப்பிக்கொண்டு சும்மா நிற்கின்றன. பழுது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். சில நேரம் பழுதாகவே இருக்கும். ஆனால் மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பி தாங்காது என்பதற்காகவோ, அந்த நேரத்தில் அத்தனை மின்சாரத்துக்குத் தேவை இல்லை என்பதற்காகவோ உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி நிறுத்தப்படுகிறவையும் உண்டு. இதைத் தெரிந்துகொண்ட நாள் எனக்கு மனம் கேட்கவில்லை. வீசுகிற காற்றை யாரும் நாளைக்கு எடுத்துவைக்க முடியாது.

அந்த மின்சாரத்தால் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்து, ஹைட்ரஜன் வாயுவாகச் சேமிக்கலாம் என்ற கருத்தை, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளின் அறிவியல் கண்காட்சிக்காக மாதிரியாகச் செய்தோம். இரண்டு இடங்களில் தவறு செய்தோம். அந்த இரண்டையும்தான் இங்கே விரிவாக எழுதப் போகிறேன்.

வேண்டிய பொருள்கள்: எமர்ஜென்சி விளக்கில் இருக்கும் 6 வோல்ட் பேட்டரி, 6 வோல்ட் டார்ச் பல்பு ஒன்று, 6பி வரைகலைப் பென்சில் இரண்டு, 20 மில்லி சோதனைக் குழாய் இரண்டு, பிளாஸ்டிக் டப்பா, எம்-சீல், முதலைக் கிளிப்புகள், மல்டிமீட்டர். பேட்டரிக்குப் பதில் விலை குறைந்த அடாப்டரை வாங்காதீர்கள். வீட்டு மின்சாரம் இந்தத் தண்ணீர்ப் பக்கமே வரக்கூடாது என்பதில் எனக்குச் சமரசம் இல்லை. பென்சிலில் 6பி என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எச்பி பென்சிலில் களிமண் அதிகம்; 6பி-யில் கிராஃபைட் அதிகம், மின்சாரம் எளிதாகப் பாயும். ஸ்டீல் கரண்டியையோ ஆணியையோ பயன்படுத்தச் சொல்லும் செய்முறைகள் நிறைய உண்டு. துருப்பிடிக்காத எஃகு கரைந்தால் குரோமியம் நீரில் இறங்கும். அதன் சில வடிவங்கள் நஞ்சு. பிள்ளைகள் கை வைக்கும் பொருளில் அது வேண்டாம்.

படி 1: கரைசல்

தூய நீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. அதில் எதையாவது கரைக்க வேண்டும். நாங்கள் முதலில் கரைத்தது கல்லுப்பு. எங்கள் மாவட்டத்துப் புத்தளம் உப்பளம் பக்கத்தில் இருக்கும்போது வேறு எதை நினைப்போம்? குமிழிகள் அருமையாக வந்தன. ஐந்து நிமிடத்தில் அறை முழுக்கப் பிளீச்சிங் பவுடர் வாடை. பிள்ளைக்கு இருமல் வந்துவிட்டது. நேர்முனையில் வந்தது ஆக்சிஜன் அல்ல, குளோரின். ஜன்னல்களைத் திறந்து, பேட்டரியைக் கழற்றி, அவளை வெளியே அழைத்துப் போனேன். அன்று எனக்குக் கை நடுங்கியது. உப்பு எந்த அளவிலும் கூடாது. சிட்டிகைகூடக் கூடாது.

அதற்குப் பதில் வாஷிங் சோடா, அதாவது சலவைச் சோடா வாங்குங்கள். கடையில் வெறுமனே "சோடா உப்பு" என்று கேட்டால் ஆப்பத்துக்குப் போடுவதைக் கொடுத்துவிடுவார்கள். அதிலும் வாயு வரும், ஆனால் மின்னோட்டம் குறைவு. அரை லிட்டர் நீருக்கு மூன்று மேசைக்கரண்டி சலவைச் சோடா. கரைக்கும்போது கையுறை போடுங்கள், தோலை அரிக்கும்.

கடலோர ஊர்களில் கிணற்று நீரிலேயே உப்பு இருக்கும். ஆகவே மழைநீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்.

படி 2: மின்முனைகள்

பென்சில்களின் இரு முனைகளையும் சீவுங்கள். டப்பாவின் அடியில் இரண்டு துளையிட்டு, கீழிருந்து மேலாகப் பென்சில்களைச் செருகி, எம்-சீல் வைத்து ஓர் இரவு காயவிடுங்கள். அவசரப்பட்டால் ஒழுகும். உள்ளே இருக்கும் முனையில் மூன்று சென்டிமீட்டர் மரத்தைச் சீவி எடுத்துவிடுங்கள். கிராஃபைட் வெளியே தெரிய வேண்டும். டப்பாவுக்குக் கீழே நீட்டியிருக்கும் முனைகளில்தான் பேட்டரியின் கிளிப்புகளை மாட்ட வேண்டும்.

படி 3: குழாய்கள்

டப்பாவில் கரைசலை ஊற்றுங்கள். இரண்டு குழாய்களிலும் கரைசலை நிரப்பி, கையுறை போட்ட விரலால் வாயை மூடி, பென்சிலுக்கு ஒன்றாக டப்பாவுக்குள் கவிழுங்கள். குழாயின் வாய் டப்பாவின் அடியைத் தொடாமல் சற்றே உயர்ந்திருக்கட்டும். பென்சில் முனை குழாய்க்குள் ஆழமாகப் போக வேண்டாம், வாய்க்கு அருகிலேயே நிற்கட்டும். எங்களுக்கு முதலில் 0.04 ஆம்பியர்தான் வந்தது. முனையைக் கீழே இறக்கி, சோடாவையும் கூட்டியபின் 0.1 ஆம்பியர் வந்தது.

இரண்டு வாயுக்களையும் ஒரே குழாயில் பிடிக்காதீர்கள். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் கலந்திருந்தால் தீப்பற்றும். எதையும் இறுக மூடவும் கூடாது.

படி 4: கலத்தை எங்கே வைப்பது

கலம் என்று நான் சொல்வது, பென்சில்களும் குழாய்களும் வைத்த, நீரைப் பிரிக்கும் அந்த டப்பாவை. அதை எங்கே வைப்பது என்பதுதான் இந்த மாதிரியின் உயிர். இதைத்தான் நாங்கள் முதல்முறை கோட்டைவிட்டோம்.

பலகையின் இடது ஓரத்தில் பேட்டரி. அதன்மேல் அட்டையில் காற்றாலை வரைந்து "முப்பந்தல்" என்று எழுதினோம். வலது ஓரத்தில் பல்பு, அது "நகரம்". இரண்டையும் இணைக்கும் நீண்ட ஒயர்தான் மின்வழித்தடம். அந்த ஒயரின் நடுவில் ஆம்பியர் அளக்கும்படி மல்டிமீட்டரை வைத்தோம். மின்பகுப்புக் கலத்தை, இடம் அங்கேதான் இருந்தது என்பதற்காக, நகரத்துப் பக்கம் பல்புக்கு இணையாக (பேரலலாக) இணைத்துவிட்டோம். பார்க்க வந்த ஓர் ஆசிரியை மீட்டரைக் காட்டிக் கேட்டார்: "கம்பியில் நெரிசல் குறையும் என்கிறீர்கள். கலத்தை இணைத்ததும் 0.3 ஆக இருந்தது 0.4 ஆகிவிட்டதே, அம்மா?" பிள்ளை என்னைப் பார்த்தாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

அன்றிரவு கலத்தைக் கழற்றி, அதே பேட்டரிக்கு அருகே, மீட்டருக்கு இடப்பக்கம் இணைத்தேன். கலம் வாயுவைத் தந்துகொண்டே இருந்தது, மீட்டரில் 0.3 மட்டும்தான். பேட்டரியிலிருந்து புறப்படுவது 0.4, கம்பியில் போவது 0.3.

உபரி மின்சாரத்தை வாயுவாக்கினாலே கம்பிக்கு நிம்மதி என்று எண்ணக் கூடாது. நெரிசலுக்கு முன்னால், காற்றாலைப் பக்கத்திலேயே வாயுவாக்கினால்தான் நிம்மதி. ஆரல்வாய்மொழிக் காற்றுக்காகச் சென்னையில் மின்பகுப்பு ஆலை வைத்தால் அந்த மின்சாரமும் அதே கம்பியில்தான் போயாக வேண்டும். உங்கள் மாதிரியில் கலத்தை இரண்டு இடத்திலும் மாற்றி மாற்றி இணைக்கும்படி கிளிப்புகளை அமையுங்கள். பார்க்கிறவர்களையே மாற்றச் சொல்லுங்கள். எந்த விளக்கப் பேச்சையும்விட அது நன்றாகப் புரிகிறது.

காற்று கூடும்போது கம்பி ஏன் திடீரென்று திணறுகிறது என்று கேட்பார்கள். காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். காற்றாலை தன் முழுத் திறனை எட்டும்வரை அந்த ஏற்றம் உற்பத்தியிலும் தெரியும். கணவாயில் நெருக்கமாக நிற்பவை எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறும், ஒன்றாகவே இறங்கும்.

படி 5: அளத்தல்

எதிர்முனையில் சேர்வது ஹைட்ரஜன். ஒரு ஆம்பியர் ஒரு நிமிடம் பாய்ந்தால் நம் ஊர் வெப்பத்தில் சுமார் 7.7 மில்லி கிடைக்க வேண்டும். 0.1 ஆம்பியரில் 15 நிமிடத்துக்கு 11.5 மில்லி. இது ஃபாரடேயின் விதி; வோல்ட் இதில் வருவதே இல்லை. எவ்வளவு வாயு என்பதை ஆம்பியர் சொல்லும். எவ்வளவு வீண் என்பதை வோல்ட் சொல்லும். ஒரு கலத்துக்கு 1.48 வோல்ட் இருந்தால் கொடுத்த ஆற்றல் முழுதும் வாயுவில் இருக்கும். நாம் கொடுப்பதோ 6 வோல்ட். 1.48-ஐ 6-ஆல் வகுத்தால் 25 சதவீதம். மீதி நீரைச் சூடாக்குகிறது. பெரிய ஆலைகளில் கலம் ஒன்றுக்கு 1.8 முதல் 2 வோல்ட் வரைதான். அங்கே ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம் செலவாகிறது. அந்த ஒரு கிலோவில் இருப்பது 39 யூனிட் ஆற்றல். இந்தக் கணக்கை மறைக்காமல் அட்டையில் எழுதுங்கள்.

ஹைட்ரஜன் குழாயை வாய் கீழாகவே தூக்கி, பெரியவர் ஒருவர் தீக்குச்சியைக் காட்டினால் "பொக்" என்று ஒலிக்கும். திறந்த வெளியில் மட்டும்.

படி 6: மீத்தேன்

இது வீட்டில் செய்யக் கூடியது அல்ல; படமாக வரையுங்கள். ஹைட்ரஜனோடு கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்து, 300 டிகிரிக்கு மேல், நிக்கல் வினையூக்கியின் மீது செலுத்தினால் மீத்தேனும் நீரும் கிடைக்கும். 1912-இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாட்டியேயின் பெயர் இந்த வினைக்கு. இதிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஆற்றல் வெப்பமாகிறது. ஆனால் மீத்தேன் ஏற்கெனவே இருக்கும் எரிவாயுக் குழாய்களில் போகும். ஜெர்மனியின் வெர்ல்டே என்ற ஊரில் ஆடி (Audi) கார் நிறுவனம் 2013-இல் 6 மெகாவாட் ஆலையாகவே இதை நிறுவியது. கார்பன் டை ஆக்சைடு, கழிவுகளிலிருந்து சாண எரிவாயு போன்ற வாயுவைத் தயாரிக்கும் பக்கத்து ஆலையிலிருந்து வந்தது.

பின்னர் சேர்த்தவை

செய்து பார்த்தவர்களில் இருவர் மீட்டர் இறந்துவிட்டதாக எழுதினார்கள். சிவப்பு ஒயரை 200 மில்லி ஆம்பியர் துளையில் வைத்திருக்கிறார்கள். உள்ளிருக்கும் ஃபியூஸ் போய்விட்டது. இந்த மாதிரிக்கு எப்போதும் 10 ஆம்பியர் துளைதான். நான் இதைச் சொல்லாமல் விட்டது தவறு.

ஆக்சிஜன், ஹைட்ரஜனில் பாதிகூட வரவில்லையே என்று இன்னொருவர். சரியாகத்தான் பார்த்திருக்கிறார். கொஞ்சம் நீரில் கரைகிறது. கொஞ்சம் நேர்முனையின் கிராஃபைட்டையே தின்றுவிடுகிறது. நீர் கறுப்பது அதனால்தான். நேர்முனைப் பென்சிலை ஒவ்வொரு கண்காட்சிக்கும் மாற்றுங்கள்.

இத்தனை இழப்புக்குப் பதில் பேட்டரியில் சேமித்தால் என்ன என்று பலர் கேட்டார்கள். இரவில் மிஞ்சுவதை மறுநாள் மாலை பயன்படுத்த வேண்டுமானால் பேட்டரிதான் மேல். நானும் அதையே சொல்வேன். ஆடியில் மிஞ்சுவது தை மாதத்துக்கு வேண்டுமென்றால் அத்தனை பேட்டரிக்கு எங்கே போவது? வாயு அங்கேதான் உதவும். பிள்ளைகளிடம் இந்தக் கேள்வி நிச்சயம் வரும், ஆகவே இரண்டையும் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.