காத்திருக்கும் நேரத்தில் நிட்டிங்: அடுப்படியிலும் பயணத்திலும் பின்னப் பழகுவது எப்படி

நிட்டிங் செய்வதைப் பார்க்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இதுக்கெல்லாம் நேரம் எப்படிக் கிடைக்குது?" என்றுதான். நான் இதற்கென்று நேரம் ஒதுக்குவதில்லை. எங்கே காத்திருக்க நேர்கிறதோ அங்கே பின்னுகிறேன். வண்டி வரும்வரை, மருத்துவர் கூப்பிடும்வரை, அடுப்பில் பயறு வேகும்வரை. பத்துப் பத்து நிமிடமாகச் சிதறிக் கிடக்கும் இந்த நேரத்துக்குத் தோதான வேலையைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். முதல் முயற்சியிலேயே ஸ்வெட்டரில் இறங்குகிறவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அது மடியில் கனக்கும், பையில் அடங்காது, வரிசைக்கு வரிசை கணக்குக் கேட்கும். அதனால் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது ஒரு சமையலறைத் துணி. சதுரமாக, பாத்திரம் துடைக்கிற அளவில். உள்ளங்கையில் அடங்கும், கணக்கு வேண்டாம், முடித்த அன்றே பயன்படும்.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். 50 கிராம் பருத்தி நூல் ஒரு உருண்டை. மிக மெல்லியதும் வேண்டாம், மிகத் தடித்ததும் வேண்டாம். உருண்டையைச் சுற்றியுள்ள காகிதப் பட்டையில் 4 மில்லிமீட்டர் ஊசி என்று போட்டிருந்தால் சரியான தடிமன். நிறம் வெளிறியதாக இருக்கட்டும். கறுப்பு நூலிலும் கருநீல நூலிலும் கண்ணிகள், அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையங்கள், கண்ணுக்கே தெரியாது, அதுவும் மாலை வெளிச்சத்தில். ஊசி 4 மில்லிமீட்டர், மூங்கிலில், வட்ட ஊசியாக. அதாவது இரண்டு குட்டி ஊசிகளை ஒரு வளையும் கம்பி இணைத்திருக்கும். மொத்த நீளம் 60 சென்டிமீட்டர் போதும். வட்டமாகப் பின்னத்தான் அது என்று நினைக்க வேண்டாம். தட்டையான துணியையும் அதிலேயே பின்னலாம், ஒவ்வொரு வரிசை முடிவிலும் திருப்பிப் பிடித்தால் சரி. நான் நேர் ஊசிகளை இப்போது தொடுவதே இல்லை. உலோக ஊசியில் நூல் வழுக்கி ஓடும், வேகம் வந்த பிறகு அது சுகம். தொடக்கத்தில் மூங்கிலின் பிடிமானம்தான் கண்ணி நழுவாமல் காப்பாற்றும்.

கூடவே முனையில் கொக்கி உள்ள ஒரு குரோஷா ஊசி, இரண்டு ஊக்கு, முனை மழுங்கிய பெரிய தையல் ஊசி, ஒரு சிறிய கத்தரிக்கோல். இவ்வளவும் ஒரு பென்சில் டப்பாவில் அடங்கும்.

இனி பின்னல். நூலின் நுனியில் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு இடது ஊசியில் மாட்டுங்கள். அது முதல் கண்ணி. வலது ஊசியின் முனையை அந்தக் கண்ணிக்குள் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் போகும்படி நுழையுங்கள். பின்னால் இருக்கும் நூலை வலது முனையின் அடியிலிருந்து மேலாக ஒரு சுற்று சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணி வழியாக முன்னால் இழுங்கள். வந்த புதுக் கண்ணியை இடது ஊசியிலேயே மாட்டிவிடுங்கள். இப்போது இரண்டு. இப்படியே நான்கு ஆகும்வரை. கண்ணி ஏற்ற வேறு பல வழிகள் இருக்கின்றன, ஓரம் அழகாக வரும் வழிகளும் உண்டு. ஆனால் இந்த வழியில் ஏற்றினால் நிட் கண்ணி போடவும் அதோடு பழகிவிடுகிறது. அதே நுழைப்பு, அதே சுற்று, அதே இழுப்பு. ஒரே வித்தியாசம், புதுக் கண்ணியை வலது ஊசியிலேயே வைத்துக்கொண்டு பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விட வேண்டும்.

முதலில் நான்கு கண்ணியையும் ஒரு வரிசை நிட் போட்டுத் திருப்புங்கள். அப்புறம் ஒவ்வொரு வரிசையும் ஒரே மாதிரிதான். இரண்டு கண்ணி நிட், பிறகு நூலை இரண்டு ஊசிகளுக்கும் நடுவே முன்னால் கொண்டுவந்து, அப்படியே அடுத்த கண்ணியை நிட் போடுங்கள். நூல் ஊசியின் மேலாகப் போய் ஒரு கூடுதல் கண்ணியாக நிற்கும். மீதியை நிட் போட்டு முடியுங்கள். வரிசைக்கு ஒரு கண்ணி கூடும், ஓரத்தில் வரிசையாகச் சின்னத் துளைகள் விழும். துணி மூலையில் தொடங்கி முக்கோணமாக விரியும். முக்கோணத்தின் பக்கம் 18 சென்டிமீட்டர் வந்ததும் குறைக்கத் தொடங்கலாம். அளவு நாடா இல்லையென்றால் சமையலறைத் தராசில் நூல் உருண்டையை வையுங்கள். பாதி எடை தீர்வதற்குக் கொஞ்சம் முன்பே குறைக்கத் தொடங்கிவிட்டால் நூல் பற்றாமல் போகாது.

குறைக்கும் வரிசை: ஒரு நிட், இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒரு நிட், முன்போலவே நூலை முன்னால் கொண்டுவந்து மறுபடி இரண்டைச் சேர்த்து ஒரு நிட், மீதியெல்லாம் நிட். வரிசைக்கு ஒன்று குறைந்து மறுபடி நான்கில் வந்து நிற்கும். தலைமுறைகளாகக் கைமாறி வரும் வடிவம் இது. இதில் எனக்குப் பிடித்தது, எந்த வரிசையில் விட்டோம் என்று நினைவு வைக்கவே வேண்டாம் என்பது. எல்லா வரிசையும் நிட் என்பதால் துணியின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும், ஓரம் சுருண்டுகொள்ளாது. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் (நிட்டின் பின்பக்கம்போலத் தெரியும் கண்ணி) என்று மாற்றிப் பின்னினால் முகப்பு வழவழப்பாக வரும், ஆனால் ஓரங்கள் சுருளும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணி தவறுவது எல்லோருக்கும் நடக்கும். தவறியதும் இழுக்காமல் முதலில் அந்தக் கண்ணியை ஊக்கில் மாட்டுங்கள். அப்புறம் நிதானமாகக் குரோஷா ஊசியால் ஏணிப் படிபோல நிற்கும் நூலை ஒவ்வொன்றாக அதன் வழியே இழுத்து மேலே கொண்டுவரலாம். சில கண்ணிகளுக்கு முன் தவறு நடந்திருந்தால், இடது முனையைக் கீழ்க் கண்ணியில் நுழைத்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கி அவிழ்த்துப் போங்கள். ஊசியையே உருவிவிட்டு அவிழ்ப்பது தொடக்கத்தில் வேண்டாம்.

சரி, அடுப்படிக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, நாளுக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் காய்கறியும். அத்தோடு பயறும் முழுதானியமும் சேர வேண்டும். இவற்றைச் சமைப்பதில் கைவேலை குறைவு, காத்திருப்புதான் அதிகம். ஊறவைத்த பயறு திறந்த பாத்திரத்தில் வேக முக்கால் மணி, ஒரு மணிநேரம்கூட ஆகும். காயை ஓவன் அடுப்பில் சுட்டெடுக்க அரை மணிக்கு மேல். அந்தப் பொறுமை இல்லாமல்தான் பாக்கெட்டைப் பிரிக்கிறோம் என்பது என் திடமான எண்ணம். கையில் பின்னல் இருந்தால் அந்த அரை மணி நேரம் நமக்கே கிடைத்த நேரமாகிவிடுகிறது. நான் செய்யும் ஒழுங்கு இது: முதலில் எல்லாக் காயையும் நறுக்கி முடிப்பேன். அடுப்பில் ஏற்றியதும் டைமர் வைப்பேன், ஏனென்றால் "இந்த வரிசையை முடித்துவிடுகிறேன்" என்பது அடுத்த வரிசைக்கும் இழுக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைத்த பிறகுதான் ஊசியைத் தொடுவேன். எண்ணெய்க் கை பட்டால் வெளிர்நிற நூல் போயே போய்விடும். நாற்காலி அடுப்பிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும். பருத்தி எளிதில் தீப்பிடிக்கும், அக்ரிலிக் என்ற செயற்கை நூல் உருகும். இதே காரணத்துக்காக, சூடான பாத்திரம் பிடிக்கும் துணியை ஒருபோதும் அக்ரிலிக்கில் பின்னாதீர்கள். கம்பளியோ தடித்த பருத்தியோ இரட்டை மடிப்பாக இருக்கட்டும்.

இரவில் படம் பார்க்கும்போது எதையாவது கொறிக்கும் பழக்கத்துக்கும் இது தடை. இரண்டு கையும் ஊசியில் இருக்கும்போது கிண்ணத்துக்குள் கை போகாது. பின்னினால் எடை குறையும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. பசி இல்லாமல் சாப்பிடுவது குறைகிறது, அவ்வளவுதான். அதற்காக, பசித்தால் பின்னலைக் காட்டி ஏமாற்ற வேண்டாம். எழுந்து உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

பயணத்துக்கு வட்ட ஊசிதான் தோழன். நிறுத்த வேண்டிய நேரத்தில் எல்லாக் கண்ணியையும் கம்பிக்குத் தள்ளிவிட்டால் பையைக் கவிழ்த்தாலும் நழுவாது. பக்கத்தில் இருப்பவரின் முழங்கையில் ஊசி இடிக்காது. வரிசையின் நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கும்போது எந்தப் பக்கம் போவது என்று குழம்பினால், உருண்டைக்குப் போகும் நூல் எந்த ஊசியிலிருந்து தொங்குகிறது என்று பாருங்கள். அது வலது கைக்கு வர வேண்டும். உருண்டையை வாய் சுருக்கும் பைக்குள்ளேயே வைத்து நூலை மட்டும் வெளியே விடுங்கள். இருக்கைக்கு அடியில் உருண்ட உருண்டையை எடுப்பது பெரும்பாடு.

குலுங்கும் வண்டியில் குனிந்தே இருந்தால் சிலருக்குத் தலை சுற்றும். வீட்டிலேயே கண்ணை மூடிக்கொண்டு சில வரிசை பின்னிப் பழகுங்கள். நிட் மட்டும் உள்ள இந்தத் துணியில் விரல் நுனியே வழி சொல்லிவிடும், நீங்கள் ஜன்னலைப் பார்க்கலாம். பையில் ஒரு டப்பா பழமும் கொட்டைகளும், ஒரு தண்ணீர்ப் புட்டியும் இருந்தால் வண்டி தாமதமாகும்போது கண்டதை வாங்கத் தோன்றாது. சாப்பிடும்போது பின்னலை மூடி வைத்துவிடுங்கள்.

விமானத்தில் ஊசி எடுத்துப்போகும் விதி நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். போகும்போதும் திரும்பும்போதும் உள்ள விதிகளை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், அனுமதி இருந்தாலும் சோதனையில் நிற்கும் அதிகாரி சொல்வதுதான் முடிவு. கத்தரிக்கோலைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள். இன்னொரு முன்னேற்பாடு நான் எப்போதும் செய்வது: மழுங்கிய ஊசியில் வேறு நிறத்து மெல்லிய நூலைக் கோத்து, ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளின் வழியாகவும் ஓட்டி, இரு முனையையும் தளர்வாக விட்டுவிடுவேன். ஊசியை வாங்கி வைத்துக்கொண்டால்கூடப் பின்னல் அவிழாமல் ஊர் வந்து சேரும்.

கைகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பருத்தியில் கம்பளியைப்போல இழுவை கிடையாது, அதனால் விரலுக்கு உழைப்பு கூடுதல். ஊசியை இறுக்கிப் பிடிக்காதீர்கள், தோள் காதை நோக்கி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசைக்கு ஒரு மேடு தெரியும். பத்து மேடு ஆனதும் எழுந்து கொஞ்சம் நடந்து, தண்ணீர் குடித்து, விரல்களை விரித்து மூடி, மணிக்கட்டை மெதுவாகச் சுழற்றுங்கள். வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மரத்துப்போவது தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், கை இருந்தால்தான் பின்னல்.

கடைசி நான்கு கண்ணிகளை முடிக்க, இரண்டை நிட் போட்டு முதலாவதை இரண்டாவதன் மேலாகத் தாண்டவிட்டு நழுவ விடுங்கள். இன்னொன்று நிட், மறுபடி தாண்டல். ஒன்றே மிஞ்சும்போது 15 சென்டிமீட்டர் விட்டு நூலை வெட்டி அதன் வழியே இழுத்து, மழுங்கிய ஊசியால் மேடுகளுக்குள் முன்னும் பின்னுமாகக் கோத்துவிடுங்கள். துணியைப் பயன்படுத்திய பிறகு ஈரமாகச் சுருட்டி வைக்க வேண்டாம், கிருமி பெருகும். அலசிக் காயப் போட்டு, அடிக்கடி சூடான நீரில் துவையுங்கள். அதனால்தான் இரண்டு மூன்று துணி பின்னச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு தொப்பி. இங்கே அளவு தேவைப்படும். பின்னப்போகும் நூலிலேயே ஒரு மாதிரித் துண்டை வட்டமாகவே பின்னி, துவைத்துக் காயவைத்து, 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். 20 கண்ணி வந்தால், தலைச் சுற்றளவு 56 சென்டிமீட்டர் என்றால், பிடிப்புக்காக 5 குறைத்து 51-க்கு 102 கண்ணி. அதை 104 ஆக்கிக்கொண்டால் இரண்டு நிட், இரண்டு பர்ல் விளிம்புக்கும் சரியாக வகுபடும், உச்சியை எட்டுப் பகுதியாகக் குறைக்கவும் வசதி. 40 சென்டிமீட்டர் வட்ட ஊசியில் விளிம்பை வீட்டில் தொடங்குங்கள். அதற்கு மேல் வெறும் நிட் மட்டுமே வரும் குழாய்ப் பகுதியைப் பயணப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உச்சியில் கண்ணி குறைக்கும் வரிசைகளை மட்டும், எண்ணிக்கை தவறாமல் இருக்க, மேசை விளக்கின் கீழ் உட்கார்ந்து முடியுங்கள்.