காட்டுச் சாலைப் பராமரிப்பில் ஜீப் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் தேசிய வனங்களில் சுமார் 3,70,000 மைல் நீளத்துக்குச் சாலைகள் உள்ளன. அவற்றுள் தார் போட்டவை மிகக் குறைவு. பெரும்பாலானவை தரையிலிருந்து நன்கு உயர்ந்த வண்டிகள் மட்டுமே செல்லத்தக்க மண்சாலைகள், அல்லது இப்போதைக்கு மூடிவைக்கப்பட்டவை. இவ்வளவையும் பார்த்துக்கொள்ள அந்நாட்டு வனத்துறையிடம் போதிய ஆளும் இல்லை, பணமும் இல்லை. அந்தக் குறையை மேற்கு மாநிலங்களில் பல இடங்களில் ஜீப் ஓட்டுவோர் சங்கங்கள் தம் வார இறுதி உழைப்பால் ஈடுசெய்கின்றன. தன்னார்வலர்களைப் பணியில் சேர்த்துக்கொள்ள வனத்துறைக்கு 1972ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று அதிகாரம் தருகிறது. இந்த உழைப்பு மதிப்புக்குரியது. ஆனாலும் இதில் நேரும் தவறுகள் பெரும்பாலும் நல்லெண்ணத்திலிருந்தே பிறக்கின்றன என்பதால், அவற்றைச் செய்கிறவர்களுக்கே அவை தெரியாமல் போகின்றன.

முதல் தவறு, வண்டி எளிதாகப் போவதையே நோக்கமாகக் கொள்வது. மண்சாலையைக் கெடுப்பது பெரும்பாலும் நீர்தான். ஆகவே மண்சாலைப் பராமரிப்பு என்பது அடிப்படையில் நீரை அப்புறப்படுத்தும் வேலை. சாலையில் சேறு தேங்கிய குழியைக் கண்டதும் மரக்கிளைகளையும் தளர்ந்த மண்ணையும் கொட்டி நிரப்பிவிடுவது பலருக்கும் இயல்பாகத் தோன்றும் தீர்வு. கிளைகள் மட்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும். புதுமண் அடுத்த மழையில் குழைந்து முன்னைவிடப் பெரிய சேறாகும். பின்னால் வரும் வண்டிகள் அதைச் சுற்றிப் போகத் தொடங்க, ஒரு தடம் மூன்று தடமாகி ஓரத்துப் புல்வெளியும் அழியும். செய்ய வேண்டியது, அந்தக் குழியில் நிற்கும் நீருக்குச் சரிவின் பக்கமாக ஒரு வழி வெட்டிவிட்டு, தளம் உலர்ந்த பிறகு கெட்டியான கல்லும் மண்ணும் இட்டு இறுக்குவதுதான்.

சரிவுச் சாலைகளில் நீரைத் திருப்பிவிடக் குறுக்கே சாய்வாக வரப்பு கட்டுவார்கள். வயலுக்கு நீர் பாய்ச்சிப் பழகியவர் மடையை எங்கே திறப்பது என்று பார்ப்பதைப் போல, இங்கும் நீர் எங்கே போய்ச் சேரும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். வரப்பை அழகாகக் கட்டிவிட்டு அதன் வெளிவாயை மண்ணும் சருகும் அடைத்துக்கொள்ள விட்டால், நீர் வரப்பின் மேலேறிச் சாலையையே அரித்துக்கொண்டு ஓடும். வெளிவாய் அகலமாகவும் திறந்தும் இருக்க வேண்டும். அது ஓடைக்குள் நேராக இறங்காமல், வண்டலைப் பிடித்துக்கொள்ளும் புதர்ச்சரிவில் முடிய வேண்டும். ஓடையில் படியும் நுண்மண் கூழாங்கற்களுக்கிடையே மீன்கள் இட்ட முட்டைகளை மூச்சடைக்கச் செய்வதால், இது சாலையைப் பற்றிய கவலையாக மட்டும் நிற்பதில்லை.

ஓரக்கால்வாயைத் தூர்வாரும்போது அதில் முளைத்த புல்லையெல்லாம் ஒட்டச் சுரண்டி எடுப்பதும் கேடு. அந்தப் புல்தான் நீரின் வேகத்தைக் குறைத்து மண்ணைப் பிடித்துவைக்கிறது. மேட்டுச் சரிவின் அடிவாரத்தைத் தோண்டிவிட்டால் மேலுள்ள மண் ஆதாரம் இழந்து சரியும். சாலையைச் சமன்செய்தபின் வெளியோரத்தில் மண்ணை நீளமாகக் குவித்து விட்டுச் செல்வதும் அப்படியே: அந்தக் குவியல் நீரை வெளியேற விடாமல் சாலைக்குள்ளேயே ஓடச்செய்கிறது. நேரம் குறைவாக இருக்கும் நாளில் வேறெதையும் தொடாமல், சாலைக்கு அடியில் செல்லும் குழாய்களின் நுழைவாயில் அடைப்புகளை மட்டும் நீக்கிவிட்டுத் திரும்பினாலே பெரும் உதவி செய்ததாகும் என்பது என் கருத்து. ஒரு குழாய் அடைபட்டு நீர் மேலே வழிந்தால் ஒரே புயல் இரவில் சாலையின் முழுத் துண்டே அடித்துச் செல்லப்படலாம்.

அடுத்தது, அனுமதியின் எல்லையை மறப்பது. வனத்துறையின் மாவட்ட அலுவலகத்துடன் எழுத்து ஒப்பந்தம் செய்துகொண்டு, அதில் குறிப்பிட்ட சாலையில் குறிப்பிட்ட வேலையைச் செய்யும் தன்னார்வலர், காயம்பட்டால் இழப்பீடு போன்ற சில நோக்கங்களுக்குக் கூட்டாட்சி அரசின் ஊழியராகவே கருதப்படுகிறார். பெயரைப் பதிவு செய்யாமல் வந்து சேர்ந்துகொள்ளும் நண்பருக்கு அந்தக் காப்பு கிடையாது. ஆகவே அன்று காலை புதிதாக வந்தவரையும் கையெழுத்திடச் செய்யாமல் மண்வெட்டியைக் கொடுக்கக் கூடாது.

எந்தச் சாலை எந்த வண்டிக்குத் திறந்திருக்கிறது என்பதை, 2005ஆம் ஆண்டு விதியின்படி ஒவ்வொரு தேசிய வனமும் வெளியிடும் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடம் காட்டும். அதைப் பார்க்காமல் கிளம்புகிற குழு, மூடப்பட்ட பாதையின் வாயிலில் வேண்டுமென்றே போட்டிருந்த கட்டைகளை ‘விழுந்த மரம்’ என்று நினைத்து அகற்றிவிடக்கூடும். சட்டத்துக்குப் புறம்பான தடங்களை மறைப்பதற்காக, காய்ந்த கிளைகளைச் செங்குத்தாக மண்ணில் நட்டுவைக்கும் முறையும் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் அது வெறும் குப்பைப் புதராகத் தெரியும். அதைச் சுத்தம் செய்தால் பிறர் பல மாதம் உழைத்து மூடிய தடம் ஒரே மதியத்தில் மீண்டும் திறந்துவிடும்.

குறுக்கே விழுந்த மரத்தை அறுப்பதில்தான் உயிராபத்து மிகுதி. வனத்துறையின் நிலத்தில் அதன் தன்னார்வலராகச் சங்கிலி ரம்பம் இயக்க உரிய பயிற்சியும் சான்றும் வேண்டும். தலைக்கவசமும் கால்காப்பும் அணிய வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் பல ஆண்டுகள் மரம் அறுத்த அனுபவம் அதற்கு ஈடாகாது. விழுந்த மரத்தின் ஒரு பக்கம் இழுவிசையிலும் மறுபக்கம் அழுத்தத்திலும் இருக்கும். அதைக் கணிக்காமல் ரம்பத்தை வைத்தால் ஒன்று ரம்பம் சிக்கும், அல்லது மரம் வில்லாக எகிறும். சான்று பெற்றவர் வராத நாளில் அந்த மரத்தின் இடத்தைக் குறித்து அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டுத் திரும்புவதே முறை.

துப்புரவு நாட்களில் அதிகம் பேர் அறியாத தவறு ஒன்றுண்டு. பழைய சுரங்கப் பகுதிகளில் துருப்பிடித்துக் கிடக்கும் தகர டப்பாக்களும் கண்ணாடிப் புட்டிகளும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்றால், அவை வரலாற்றுச் சான்றாகக் கருதப்படலாம். குப்பை என்று மூட்டை கட்டிவிட்டால், அங்கே யார் எப்போது வாழ்ந்தார்கள் என்பதைத் தொல்லியலாளர் அறிய உதவும் தடயமே போய்விடும். நேற்றைய பீர் டப்பாவை எடுக்கலாம். பற்றுவைத்த விளிம்புடைய பழைய டப்பாவைத் தொடாமல் படமெடுத்து அனுப்ப வேண்டும்.

தென்மேற்கு ஓரிகானிலும் வடமேற்குக் கலிபோர்னியாவிலும் வண்டியில் ஒட்டிய சேறே குற்றவாளி ஆகிறது. அங்கு மட்டுமே இயற்கையாக வளரும் போர்ட் ஆர்ஃபர்ட் சிடார் மரங்களை ஃபைட்டோஃப்தோரா லாட்டரலிஸ் என்ற நுண்ணுயிர் வேரில் தாக்கிக் கொல்கிறது. ஈரமண்ணோடு சக்கரங்களில் பயணித்து, சாலை ஓடையைக் கடக்கும் இடங்களில் நீரில் இறங்கி, கீழுள்ள மரங்களைச் சென்றடைகிறது. அதனால்தான் மழைக்காலத்தில் சில சாலைகளின் வாயிலைப் பூட்டுகிறார்கள். உதவி செய்யப் போகும் குழுவே வண்டியையும் மண்வெட்டியையும் காலணியையும் கழுவாமல் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போவது மன்னிக்கத்தக்கதல்ல. மழைக்காலத்தில் வேலையே வைத்துக்கொள்ளாமல் இருப்பது இன்னும் நல்லது. நனைந்த சாலையில் பத்து ஜீப்புகள் ஏறினால் அவை பதிக்கும் சக்கரப் பள்ளங்களே அடுத்த ஆண்டு நீர் ஓடும் வாய்க்கால்களாகும்.

இவற்றையெல்லாம் அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவின் எல் டொராடோ கவுண்டியிலுள்ள (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) ரூபிகான் பாதை சான்று. ஜீப் ஓட்டுவோர் உலகெங்கும் பெருமையாகப் பேசும் அந்தப் பாதையில், மனிதக் கழிவு பெருகியதால் 2004இல் ஸ்பைடர் ஏரியைச் சுற்றிய பகுதி மூடப்பட்டது. 2009இல் மாநிலத்தின் வட்டார நீர்த்தர வாரியம் வண்டல், எண்ணெய்க் கசிவு, கழிவு ஆகியவற்றைச் சுட்டிக்காட்டிக் கவுண்டிக்கும் வனத்துறைக்கும் சீர்செய்யும் ஆணை பிறப்பித்தது. பாதை முழுவதுமாக மூடப்படும் என்ற அச்சம் எழுந்த அந்நாட்களில், தன்னார்வலர்கள் வடிகால் வேலையில் இறங்கினார்கள். கழிவுப் பைகளையும் எண்ணெய் உறிஞ்சும் துணிகளையும் வண்டியில் எடுத்துச் செல்லும்படி வருவோரிடம் எடுத்துச் சொன்னார்கள். பாதை இன்றும் திறந்திருக்கிறது.

வேலை முடிந்ததும் வருகைத்தாளில் மணிநேரத்தை எழுதாமல் கலைந்துபோவதும் சங்கங்களிடம் பரவலாக உள்ள குறை. சாலைப் பராமரிப்புக்கான மானியங்கள் பலவற்றில் விண்ணப்பிப்பவர் தம் பங்கைக் காட்ட வேண்டியிருக்கும். தன்னார்வலரின் மணிநேரத்தை அந்தப் பங்காகக் கணக்கிட இடமுண்டு. எழுதாத மணிநேரத்துக்கு அங்கே மதிப்பில்லை. வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்திலிருந்து எடுத்த படங்களையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, முதல் கனமழைக்குப் பிறகு சாலை திறந்திருந்தால் இருவர் சென்று, கட்டிய வரப்புகள் நீரைச் சரியான பக்கம் திருப்புகின்றனவா என்று பார்த்து வர அதே நாளில் பொறுப்பு ஒதுக்கிவிட வேண்டும்.