தோட்டத்தில் நாய்க்கென ஒரு மூலை
நாய்க்குட்டி தோட்டம் முழுவதையும் அசுத்தம் செய்யாமலிருக்க, கிணற்றுக்கும் கீரைப்பாத்திக்கும் எட்டத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, அது முன்பு சிறுநீர் கழித்த இடத்து மண்ணில் ஒரு கைப்பிடியை அங்கே தூவிவிட்டு, உறங்கி விழித்தவுடனும், உணவுண்ட 15 முதல் 30 நிமிடங்களுக்குள்ளும் கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி நேராக அங்கேயே அழைத்துச் செல்ல வேண்டும். மூக்கைத் தரையில் ஒட்டியபடி அது வட்டமடிக்கத் தொடங்கினால், பேச்சுக் கொடுக்காமல் நில்லுங்கள். முடித்த நொடியில், நின்ற இடத்திலேயே, வேகவைத்த கோழியிறைச்சியில் ஒரு சிறு துண்டைக் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்கான பரிசென்றே அது எண்ணிக்கொள்ளும். வேறிடத்தில் போய்விட்டால் அடிப்பதும், மூக்கை அதில் தேய்ப்பதும் (பல வீடுகளில் இன்னும் நடப்பதுதான்) மறைவாகப் போகவே கற்றுத்தரும். அவ்விடத்தை வாடை தங்காதபடி நன்கு அலசிவிடுங்கள்.