பின் சக்கரம் ஆடினால் முதலில் எங்கே பார்ப்பது?

சுமையேற்றி நெடுந்தூரம் செல்லும் சைக்கிளின் பின் சக்கரம் ஆடுவதாகத் தோன்றினால், ஸ்போக்கைத் திருகத் தொடங்குவதற்கு முன், சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ரிம்மைக் கையால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். தளர்வு தெரிந்தால் பழுது பெரும்பாலும் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில்தான்: கோன் (அச்சில் திருகப்பட்டு, பேரிங் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூம்பு வடிவ மரை) தளர்ந்திருக்கலாம், அச்சே முறிந்திருக்கவும் கூடும். (கருவியின்றி நெம்பைத் திருப்பிக் கழற்றும் விரைவுப் பூட்டுள்ள சக்கரத்தில் அச்சு முறிந்தாலும், அச்சின் ஊடே செல்லும் பூட்டுக்கம்பி இரு துண்டுகளையும் பிடித்திருப்பதால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், ஆகவே கழற்றிப் பார்ப்பதே நல்லது.) தளர்வே இல்லாமல், சுழற்றும்போது மட்டும் ரிம் பிரேக் கட்டையை நெருங்கி விலகினால் அது ரிம்மின் கோட்டம் (வளைவு). ஸ்போக் முறிந்ததால் அது வந்திருக்கலாம்; இழுவிசை மிகுந்த பல்சக்கரப் பக்கத்து ஸ்போக்குகளில்தான் பெரும்பாலும் முறிவு நிகழும் என்பதால், அவற்றை முதலில் ஒவ்வொன்றாக நெருடிப் பாருங்கள். ரிம் நேராக ஓடி டயர் மட்டும் நெளிந்தால், காற்றை இறக்கி, டயரின் விளிம்பை ரிம்மில் சரியாக அமர்த்திப் பாருங்கள்.